முதல் வேண்டாம்

அக்டோபர் 4, புதன்
ஹாலே, ஜெர்மனி

பசிக்கிறது. வெளிநாட்டில் எழுதும் முதல் நாட்குறிப்பை இன்னும் கௌரவமான ஒரு சொல்லில் தொடங்க நினைத்திருந்தேன், முடியவில்லை.

வந்து மூன்று நாள் ஆகிறது. அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே டிராம் போகிறது. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருந்தவளுக்கு அந்தச் சத்தம் ஒரு துணை. பக்கத்து அறையில் மரைக்கே என்று ஒரு ஜெர்மன் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள், தாவரவியல் படிக்கிறாள். நல்ல உயரம், நடந்தால் தரை அதிரும். சமையலறை எங்கள் இருவருக்கும் பொது. இன்று சாயங்காலம் பானை நிறையப் பூசணிக்காய் சூப் வைத்தாள். "உனக்கு வேண்டுமா?" என்று கேட்டாள். வாசனை ஆளைத் தூக்கியது. "ஐயோ, வேண்டாம், பரவாயில்லை" என்றேன். "சரி" என்று சொல்லி மூடி போட்டுவிட்டாள்.

மூடி போட்டுவிட்டாள்! நான் கையைக்கூடக் கழுவி வைத்திருந்தேன்.

அறைக்கு வந்து, அம்மா கட்டிக்கொடுத்த காராச்சேவில் பாதியை முடித்தேன். பொங்கல் வரைக்கும் வர வேண்டிய பொட்டலம் அது.

அம்மாவோடு போட்ட ஒப்பந்தத்தையும் எழுதிவைக்கிறேன். அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இங்கே மண்ணியல் படிக்க இடம் கிடைத்தபோது எனக்குப் போக மனசே இல்லை. "உனக்கு முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா மறுநாளே கெளம்பி வந்துருவேன். சம்மதம்னாத்தான் போவேன்" என்றேன். "சொல்லுதேன்ட்டி. மொதல்ல பெட்டியத் தூக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 11, புதன்

இன்று கோட்டு. மரைக்கே தன் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குளிர்கோட்டு எனக்குச் சின்னதாகிவிட்டது, உனக்கு வேண்டுமா?" நீல நிறம், உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. "வேண்டாம், வேண்டாம்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் தெருமுனைக்குப் போனால், பழைய துணி போடும் இரும்புப் பெட்டிக்குள் அதைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நீலக் கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் குளிரில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மரைக்கே கெட்டவள் இல்லை. குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று எனக்குப் படம் போட்டு ஒட்டிவைத்தவள். ஆனால் வளர்த்த விதத்தில் ஏதோ கோளாறு. ஒரு பொருளை ஒரே ஒரு தடவையா கேட்பார்கள்?

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவருக்கு நிஜமாகவே கொடுக்க மனசிருக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது தடவை கேட்டால் "சரி, கொஞ்சமா வைங்க" என்று இறங்கி வரலாம். முதல் தடவையே கையை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று பேர் வரும்.

அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு அவள் 'சத்துணவு டீச்சர்'. "போதும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளை தட்டை நீட்டினால் இன்னொரு கரண்டி சாதம் விழும். தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு சொன்னால்தான் நிஜமான போதும். "வாயப் பாக்காத, தட்டப் பாரு" என்று சமையல்கார அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இந்த ஊரில் யாரும் தட்டைப் பார்ப்பதில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

என் பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர், எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறோம். இங்கே 'வல்லி' என்று சுருக்கிச் சொன்னேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். இங்கேயும் அதே பெயர் உண்டாம், எண்பது வயதுக் கிழவிகளுக்கு வைத்ததாம். என்னைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து உட்கார இடம் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். கால் வலித்தது.

அம்மாவோடு பேசினேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" "எனக்கென்ன, கல்லு மாரி இருக்கேன்."

நவம்பர் 14, செவ்வாய்

என் வாழ்க்கையில் இன்று ஒரு நல்லது நடந்தது. நடந்ததா என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மண்ணியல் ஆய்வகத்தின் தலைவி டாக்டர் ப்ரூக்னர். நரைத்த கிராப்பு, எப்போதும் சேறு படிந்த பூட்ஸ். ஹாலேயைச் சுற்றியுள்ள வயல்களில் கரேலென்று கருப்பு மண். படத்தைக் காட்டி, கோடையில் இது என்ன ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரியாத கருப்பு மண்ணா? "வெடிக்கும். பாளம் பாளமாக வெடிக்கும், கன்றுக்குட்டிக் கால் உள்ளே போகும்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டு, இந்தக் கருப்பு வெடிக்காது என்றார். இது புல் மட்கி வந்த கருப்பு. எங்கள் கரிசலில் இருப்பது வேறு களிமண், நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், குணம் வேறு. நான் சொன்னது தப்பு. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஜனவரியிலிருந்து ஆய்வகத்தில் உதவிக்கு ஒருவர் தேவை. மார்ச்சில் வயலில் குழி வெட்டும் வேலையும் உண்டு. உனக்கு விருப்பமா?"

வந்து ஏழு வாரம் ஆகாதவளை ஒரு பெரிய மனுஷி கூப்பிட்டுக் கேட்கிறார். என்ன சொன்னேன்? வளர்ப்பு சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "ஐயோ, அதெல்லாம் வேண்டாம், உங்களுக்குச் சிரமம். என்னைவிட நன்றாகப் படிக்கிறவர்கள் இருப்பார்கள்."

"ஷாடே" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அகராதியில் பார்த்தேன். 'அடடா' என்று அர்த்தமாம். அடடா என்றால் மனசு இருக்கிறது என்றுதானே? நாளைக்கு மறுபடியும் கேட்பார்.

நவம்பர் 21, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 23, வியாழன்

மரைக்கே பேசுவதைத் தமிழில் எழுதும்போது எந்த ஊர்த் தமிழில் எழுதுவது என்று குழப்பமாக இருக்கிறது. பொதுத்தமிழிலேயே வைக்கிறேன். அவளும் பொதுவாகத்தான் பேசுவாள்.

சமையலறையில் சோறு பொங்கிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "உனக்கு ஏதாவது பிரச்சினையா?" என்றாள். "இல்லை" என்றேன். "சரி" என்று திரும்பினாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?"

அவள் கையில் வெங்காயத்தோடு நின்றாள். "நீ இல்லை என்றாயே."

"அது முதல் இல்லை!"

பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வேண்டாம், மரியாதை, தட்டு, டாக்டர் ப்ரூக்னர், ஒன்றுவிடாமல். அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. "நீ வேண்டாம் என்று சொன்னபிறகு மறுபடி கேட்டால் அது உன்னை மதிக்காதது மாதிரி இல்லையா? என் அம்மா அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். ஒருத்தர் இல்லை என்றால் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது."

பாருங்கள் கூத்தை. அவளும் மரியாதைக்குத்தான் கேட்காமல் இருந்திருக்கிறாள். இரண்டு மரியாதைகளும் முட்டிக்கொண்டு நடுவில் நான் பட்டினி.

திடீரென்று அவள் முகம் மாறியது. "பொறு. அந்தப் பூசணி சூப். அன்றைக்கு உனக்குப் பசித்ததா?"

தலையாட்டினேன்.

"அந்தக் கோட்டு?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காயத்தால் வந்த கண்ணீரா என்று கேட்க வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் இருவருமாக என் சோற்றையும் அவள் குழம்பையும் கலந்து சாப்பிட்டோம். அந்தக் குழம்பில் உப்பு, காரம் இரண்டும் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் நான் வயிறார, மனசாரச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

"போய் நீயே கேள்" என்றாள். எனக்காக நானே வாய்விட்டுக் கேட்பதா? எங்கள் வீட்டில் தண்ணீர்கூட அப்படிக் கேட்டதில்லை.

நவம்பர் 27, திங்கள்

கேட்டேன். கதவைத் தட்டுவதற்கு முன் வராந்தாவில் நாலு நடை நடந்தேன்.

ஆய்வக வேலையை வேறொரு மாணவருக்குக் கொடுத்தாகிவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்ன அன்று சாயங்காலமே. "நீ வேண்டாம் என்றாய்" என்றார் டாக்டர் ப்ரூக்னர், வருத்தமோ கோபமோ இல்லாமல், மழை பெய்தது என்கிற மாதிரி. எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். காதுவரை சூடாகிவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். பிறகு, "மார்ச்சில் வயல் வேலைக்கு இன்னொரு ஆள் சேர்க்கலாம். நான்கு வாரம், குளிரும், முதுகு வலிக்கும். உனக்கு..."

"வேண்டும்!" என்றேன். அவரை வாக்கியத்தை முடிக்க விடவில்லை. காணாததைக் கண்டவள்தான். இருந்துவிட்டுப் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "மண்ணு வெட்டவா அம்புட்டு தூரம் போன?" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினேன் என்றாள்.

எங்கள் வீட்டில் மாடி இல்லை. எதிர்வீட்டு ராஜகனி அக்கா மாடிக்குத் துணி காயப்போடப் போயிருப்பாள்.

டிசம்பர் 9, சனி

தேறிவிட்டேன். "யா, கெர்னே" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. 'ஆமாம், சந்தோஷமாக' என்று பொருள். ஒரு வாரமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். காபி? யா, கெர்னே. நூலகத்தில் இடம்? யா, கெர்னே. மரைக்கேயின் அம்மா ஊரிலிருந்து ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறார், பச்சை நிறம், முழங்கால் வரைக்கும். போட்டால் நடமாடும் புதர் மாதிரி இருக்கிறேன். அவ்வளவு இதம். ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு பெண்மணி என்னைக் குளிர விடக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

இன்னொன்றும் பிடித்துப்போயிற்று. நிஜமாகவே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வயிறு முட்டச் சாப்பிட்டவள் இலையை மூடிக் கைகூப்பிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு சொல், அதற்கு ஒரே பொருள். எவ்வளவு நிம்மதி!

அம்மா இப்போதெல்லாம் வீடியோவில் வருவதில்லை. போனில் கேமரா கெட்டுவிட்டதாம். "உனக்கு எப்ப லீவு விடுவாங்க?" என்று கேட்டாள். பிப்ரவரி பாதியில் என்றேன். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். சரி.

டிசம்பர் 26, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு மரைக்கே தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஒரு தடவைதான் அழைத்தாள். நான் ஒரு தடவைதான் பதில் சொன்னேன்.

அவள் அம்மாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் என் பக்கம் நீட்டி, "வேண்டுமா? வேண்டுமா? வேண்டுமா?" என்று மூச்சுவிடாமல் மூன்று தடவை கேட்டுவிட்டு, சரியாகச் செய்தேனா என்று மகளைப் பார்த்தார். மேசையே சிரித்தது. நானும்தான். அந்த மனுஷி என் தட்டில் உருளைக்கிழங்கு உருண்டையை வைத்தபோது சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் இந்த வீட்டுக்கு என்ன செய்தேன், எனக்கு ஏன் இதெல்லாம் என்று இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மரைக்கே பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைக்க ஓடிவந்தாள். தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தால் ராஜகனி அக்கா எடுத்தாள். "அம்மா குளிக்காங்க." மத்தியானம் மறுபடியும் செய்தேன். "தூங்குதாங்க." பண்டிகை நாளில் மத்தியானம் தூங்கும் பழக்கம் அம்மாவுக்குப் புதிது. வயசாகிறது, நல்ல பழக்கம்தான்.

ஜனவரி 24, புதன்

அம்மா திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பின்னால் ஒரே சத்தம். யாரோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் டோக்கன் போட்டா பந்தி வைக்கிறார்கள்? நான் வந்த நாலு மாதத்துக்குள் நம் பக்கம் ரொம்பத்தான் முன்னேறிவிட்டது.

"யார் கல்யாணம்மா?" என்றேன். "உனக்குத் தெரியாது" என்றாள். "லீவு பதிமூணாந் தேதிக்கு மேலதான?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடைசிப் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதினேன்.

அம்மா அவளாகவே கூப்பிட்டாள். கர்ப்பப்பையில் கட்டியாம். நவம்பரிலிருந்தே இரத்தப்போக்கு. இரத்தம் குறைந்துபோய் மூச்சு வாங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறாள். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் இந்த மாதம் இருபத்தேழாம் தேதி ஆபரேஷன், கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். "சின்ன ஆபரேஷன்தான். நீ பரீட்சைய முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள்.

ஒப்பந்தம் போட்டோமே என்று கத்தினேன். "அதான் இப்ப சொல்லிட்டேன்லா" என்றாள்.

"நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "ராஜகனி கூட இருக்கா. நீ மண்ணு வேலயப் பாரு."

கேட்டேன். வேண்டாம் என்றாள். வயல் வேலை மார்ச் பதினோராம் தேதி தொடங்குகிறது. அவள் வேண்டாம் என்று சொன்னபிறகு நான் என்ன செய்ய முடியும்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் சமையலறையில் மரைக்கே இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆயிற்று?" என்றாள். "ஒன்றுமில்லை." "என்ன ஆயிற்று?" "ஒன்றுமில்லை." நாற்காலியை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "என்ன ஆயிற்று?"

சொன்னேன்.

"நீ போக வேண்டாமா?"

"வரட்டுமா என்று அம்மாவிடமே கேட்டுவிட்டேன். வேண்டாம் என்றாள்."

மரைக்கே ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "எத்தனை தடவை கேட்டாய்?"

ஒரு தடவை. பெற்ற அம்மாவிடம், வாயைப் பார்க்காதே தட்டைப் பார் என்று சொல்கிறவளிடம், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன். லீவு எப்போது, லீவு எப்போது என்று டிசம்பரிலிருந்து அவள் தட்டை நீட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான்தான் ஜெர்மன்காரி மாதிரி ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அங்கேயே, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் போட்டேன்.

"அம்மா, நான் வரட்டுமா?"

"நேத்தே சொன்னேன்லா வேண்டாம்னு. எல்லாம் பேசி வச்சாச்சு."

"அம்மா, வரட்டுமா?"

"ஏட்டி, அது நீயாக் கேட்டு வாங்குன வேல. அத விட்டுட்டு என்னத்துக்கு வாரேன்னு சொல்லுத? பத்து நாள்ல எந்திச்சு நடந்துருவேன். வேண்டாம்."

மூன்றாவது தடவை கேட்கப் பயமாக இருந்தது. இதற்கும் வேண்டாம் என்றால் அது நிஜமாகிவிடும்.

"அம்மா. வரட்டுமா?"

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு மின்விசிறி ஓடும் கடகட சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"எப்ப வருவ?" என்றாள்.

பிப்ரவரி 15, வியாழன்

டாக்டர் ப்ரூக்னரிடம் போய்ச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று தயாராகத்தான் போனேன். "அம்மாவின் ஆபரேஷன், நான் ஊருக்குப் போக வேண்டும்." முன்னுரை, மன்னிப்பு எதுவும் இல்லை. நான் இங்கே கற்றுக்கொண்ட நல்ல பாடம்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "மூன்றாம் வாரத்திலிருந்து சேர்ந்துகொள்ள விருப்பமா?"

"ஆமாம்."

"வேறு உதவி ஏதாவது வேண்டுமா?"

யோசித்துப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். நிஜமான வேண்டாம். அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்காகவே அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அம்மா சீக்கிரம் குணமடையட்டும் என்று கதவு வரை வந்து சொன்னார்.

பிப்ரவரி 24, சனி
கோவில்பட்டி

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் இறங்கினால், ஸ்டேஷனுக்கு வரவே கூடாது என்று நான் சொல்லியிருந்த அம்மா, ராஜகனி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்குகிறது. கேமரா ஏன் கெட்டுப்போனது என்று புரிந்தது.

"கறுத்துட்டியே" என்றாள் என்னைப் பார்த்து. வெயிலே இல்லாத ஊரிலிருந்து வருகிறேன். என் பச்சைக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது குடுத்த மகராசி நல்லாருக்கணும்" என்றாள். ஹாலே திரும்பியதும் மரைக்கேயின் அம்மாவிடம் இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 27, செவ்வாய்
திருநெல்வேலி

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது என் விரலைப் பிடித்திருந்தாள். "பயமா இருக்காம்மா?" "இல்ல." "பயமா இருக்கா?" "இல்லட்டி." "இருக்கா?" "ஆமா" என்றாள், ரொம்ப மெதுவாக. "சரி, நான் இங்கனதான் நிக்கேன்" என்றேன். கதவு மூடியபிறகும் அங்கேயே நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி
கோவில்பட்டி

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ராஜகனி அக்கா தேவாலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள், நான் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போனேன். எந்தச் சாமிக்கு எவ்வளவு நன்றி என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு நான் ரசம் வைத்தேன். "இன்னும் கொஞ்சமா?" "போதும்." டம்ளர் என் பக்கமே நீண்டிருந்தது. ஊற்றினேன்.

மார்ச் 22, வெள்ளி

சாயங்காலம் ரயில். அம்மா தானாகவே எழுந்து நடக்கிறாள், குளிக்கிறாள். கனம் மட்டும் தூக்கக்கூடாது. ராத்திரித் துணைக்கு ராஜகனி அக்காவின் மகள் வந்து படுத்துக்கொள்வாள். அக்காவை ஒரு தடவைதான் கேட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று திட்டினாள்.

எனக்குத்தான் கால் எழவில்லை. பெட்டியை மூடிவிட்டு அம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

"பழைய ஒப்பந்தம் செல்லாதும்மா. புதுசு போடணும். இனிமே நான் மொதத் தடவ கேக்கும்போதே நெசத்தச் சொல்லணும். அங்கன இருந்துக்கிட்டு எனக்கு ஒன் தட்டு தெரியாது. வாய் மட்டுந்தான் கேக்கும்."

அம்மா ரொம்ப நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "மொதத் தடவயேவா? வாய் வராதேட்டி."

"எனக்கும்தான் வரல. பழகிட்டேன்."

"பாப்போம்" என்றாள்.

"சரி, சொல்லு. நான் போகட்டுமா?"

நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"போயிட்டு வா, போயிட்டு வா, போயிட்டு வா. மூணையும் சேத்துச் சொல்லிட்டேன். கெளம்பு."

ஏப்ரல் 2, செவ்வாய்
ஹாலே

வயலில் எனக்கு இது இரண்டாம் வாரம். என் உயரத்துக்குக் குழி வெட்டி உள்ளே இறங்கி நின்று, மண் எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது என்று பார்க்கிறோம். கருப்பு, கருப்பு, அப்புறம் தேன் நிறம். விரல் இடுக்கெல்லாம் கருப்பு ஏறிவிட்டது, இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. முதுகு வலிக்கும் என்று டாக்டர் ப்ரூக்னர் சொன்னது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பூசணி சூப். "வேண்டுமா?" என்றாள் மரைக்கே. "வேண்டும்" என்றேன். இரண்டு கிண்ணம் குடித்தேன். அவளிடம் நன்றி என்று தமிழிலேயே சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், சூப்புக்கு என்று நினைத்துக்கொள் என்றேன்.

பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டியா, மண்ணு வேலை எப்படி, மரைக்கே சௌக்கியமா என்று அவள்தான் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "இன்னைக்கு வலிக்கத்தான் செய்யுது" என்றாள். "காலைல மறந்துபோய்த் தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டேன்."

தூக்காதே என்று சத்தம் போட்டேன், படுத்துக்கொள்ளச் சொன்னேன், ராஜகனி அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி நாளைக்கு டாக்டரிடம் அழைத்துப்போகச் சொன்னேன். வைத்தபிறகு சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். மரைக்கே பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டாள். "அம்மாவுக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். பெற்றவளுக்கு வலிக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.